உப்பிய கன்னம்

மவுவா
3 மார்ச் 1994

அன்புள்ள கத்தூரே அக்காவுக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. மிராச் செடிகள் செந்துளிர் விட்டு நிற்கின்றன, வெற்றிலை போல அதை மென்று தூக்கம் விரட்டுகிறவர்கள் இருக்கும்வரை வியாபாரம் மோசமில்லை. என் மகள் கரிமியைப் பெண் கேட்டு அந்த வாத்தியார் மாப்பிள்ளையின் வீட்டார் ஏப்ரல் கடைசியில் வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் மிராத் துளிர்க் கட்டைப் பெண்ணின் அப்பா பிரித்து மென்றால்தான் சம்மதம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நைரோபியில் தையல் வேலை குவிந்து கிடக்கிறது என்று சாக்குச் சொல்லாமல் வந்துவிடு.

இன்னொன்று. வலது கன்னத்தின் உட்புறம் ஒரு கட்டி. வலி இல்லை. மிரா மெல்லுகிறவன் கன்னம் உப்பியிருந்தால் இந்த ஊரில் யார் கேட்கப்போகிறார்கள்? "விடியறதுக்குள்ள வாயில அடைச்சாச்சா?" என்று கரிமியின் அம்மா திட்டினாள். நான் அப்போது பல்கூட விளக்கியிருக்கவில்லை. சிரித்து மழுப்பிவிட்டேன். அவளிடம் சொல்லிவிடாதே. பயமாக இருக்கிறது அக்கா.

உன் தம்பி
முரியுங்கி

நைரோபி
9 மார்ச்

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து கை வேலையில் நிற்கவில்லை. எத்தனை நாளாக இருக்கிறது? அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறாய். கடைக்குப் பக்கத்துப் பல் டாக்டரம்மாவைக் கேட்டேன். "மூணு வாரமாகியும் போகலைன்னா காட்டியே ஆகணும். வலி இல்லைன்னு சும்மா இருக்கக் கூடாது" என்றார். ஒன்றுமில்லாமலும் போகலாமாம். அதை அவர்கள் பார்த்துச் சொல்லட்டும், நீயாகச் சொல்லிக்கொள்ளாதே. பெரிய ஆஸ்பத்திரிக்கு இந்த வாரமே போ.

அக்கா

மவுவா
15 மார்ச்

அக்காவுக்கு,

கிறிஸ்துமஸிலிருந்து இருக்கிறது. மிளகாக இருந்தது இப்போது அவரைக்கொட்டை. பேசும்போதும் படுக்கும்போதும் நாக்கு தானாகப் போய் அதைத் தடவுகிறது.

ஆனால் இப்போது போக மாட்டேன். வாயை அறுத்துவிட்டால் ஊர்ப் பெரியவர்கள் சபையில் எப்படி மெல்லுவேன்? நோயாளி வீட்டுப் பெண் என்று அவர்கள் திரும்பிப் போய்விட்டால் கரிமியின் கதி என்ன? சடங்கு முடியட்டும். கோபித்துக்கொள்ளாதே.

முரியுங்கி

நைரோபி
20 மார்ச்

முரியுங்கி,

கோபம்தான். உன் மகளுக்கு மிரா மெல்லும் வாய் வேண்டுமா, அப்பா வேண்டுமா? கரிமியின் அம்மாவுக்கு எல்லாவற்றையும் எழுதி, இதே தபாலில் போட்டுவிட்டேன். என்னோடு பேச்சை நிறுத்துவதென்றால் நிறுத்திக்கொள். நீ உயிரோடு இருந்து என்னைத் திட்டினால் போதும்.

கத்தூரே

மவுவா
10 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தோடு கரிமியின் அம்மா சந்தைக்கே வந்துவிட்டாள். அத்தனை வியாபாரிகள் முன்னால் "வாயத் தொற" என்றாள். திறந்தேன். விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் மிராக் கூடையை மூடிக் கட்டினாள். அப்போதுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் துளி சதை எடுத்து நைரோபிக்கு அனுப்பினார்கள். முடிவு போன வாரம் வந்தது. கெட்ட கட்டிதான் அக்கா. கழுத்துக்கு இறங்கவில்லையாம். "இப்பவாவது வந்தீங்களே. இன்னும் சின்னதாத்தான் இருக்கு, முழுசா எடுத்துடலாம்" என்றார் டாக்டர். 21ஆம் தேதி வியாழக்கிழமை அறுவை.

சம்பந்தி வீட்டுக்கு நானே ஆள் அனுப்பி உண்மையைச் சொன்னேன். மறுநாளே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா வாழையிலையில் சுற்றிய மிராக் கட்டை என் மடியில் வைத்து, "நீங்க மெல்ல வேணாம் சம்பந்தி, பிரிச்சா போதும்" என்றார். பிரித்தேன். கரிமியின் அம்மா ஒரு துளிரைக் கிள்ளித் தன் வாயில் போட்டு எல்லோர் முன்னாலும் மென்றாள். இந்த ஊரில் எந்தப் பெண்ணும் செய்யாதது. கிழவர்கள் அடுத்த துளிருக்குக் கை நீட்டினார்கள்.

உன்மேல் ஒரு வாரம் கோபமாக இருந்தேன். இப்போது இல்லை. பகலில் தைரியமாகப் பேசித் திரிகிறேன், கொல்லைப் பக்கம் போய்த் தனியாக அழுகிறேன். அறுவை அறைக்குள் கரிமியின் அம்மாவை விட மாட்டார்களாம். வெளியே அவள் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது. இதற்குப் பதில் எழுதாதே அக்கா. பஸ் ஏறு.

உன்
முரியுங்கி