மேட்டுக்கு வழியில்லை

ஐப்பசி 2, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. திவ்யாவின் பள்ளிச் சட்டையை அடுப்புக்கு மேல் கொடி கட்டிக் காயவைத்து அனுப்பினேன். புகை நாற்றம் அடிக்குதும்மா என்று முனகிக்கொண்டே போனாள்.

ஏரிக்கரை மேட்டைச் சுற்றிக் கம்பி வேலி முடிந்துவிட்டது. வடக்குப் பக்கம் ஆடு நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. இன்று அதையும் அடைத்தாயிற்று. இவர் மந்தையை வேலியோரமாகவே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். கிடாய் ஒன்று கம்பியில் தலையை விட்டு மாட்டிக்கொண்டதாம். கழுத்தில் கீறல். மஞ்சள் வைத்தேன்.

மழைக்காலத்துக்கு அந்த மேடு ஒன்றுதான். வயலெல்லாம் நடவு, கரையெல்லாம் தண்ணீர். செம்மறி ஈரத்திலேயே நின்றால் கால் போய்விடும். மாமனார் காலத்துக்கும் முந்தியே எங்கள் தெரு ஆடுகள் மழைக்கு அங்கேதான் ஏறும். இப்போது கம்பெனி இடமாம். யார் விற்றது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

ஐப்பசி 3, செவ்வாய்

தம்பி சேகர் வந்தான். மீஞ்சூர் வேலை போனதிலிருந்து சும்மா இருந்தவன். செக்யூரிட்டி வேலை கிடைத்துவிட்டது என்றான். எங்கே என்று கேட்டேன். தரையைப் பார்த்தான். மேட்டு கேட்டில்.

அவன் பெண்டாட்டிக்கு மாதம் நெருங்குகிறது. இவர்தான் பேசினார்.

"போடா மச்சான். நீ போலன்னா வேற எவனோ நிக்கப் போறான்."

சாப்பிடச் சொன்னேன். பசியில்லை என்று போய்விட்டான். சுண்டக்காய்க் குழம்பு மீந்துவிட்டது.

ஐப்பசி 5, வியாழன்

தெருவில் ஆடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். நானும். பஸ்ஸில் நிற்க இடமில்லை. கோட்டைக்குப்பத்திலிருந்து நண்டு விற்க வரும் அஞ்சலை பக்கத்தில் நின்றாள். அவர்கள் வலை காயவைக்கப் போகும் பாதையும் வேலிக்குள் போய்விட்டதாம். கேட்டால் சுற்றிக்கொண்டு போகச் சொல்கிறார்களாம்.

ஆபீசில் மதியம் வரை உட்கார வைத்தார்கள். உள்ளே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. முன்னே மேய்க்கால், அதாவது மேய்ச்சலுக்கு விட்ட புறம்போக்கு என்று இருந்ததாம், பிறகு மாற்றிவிட்டார்களாம், அவர் வருவதற்கு முன்பே. உங்களிடம் பட்டா இருக்கிறதா என்றார். தலைமுறையாக மேய்க்கிற இடம் என்று இவர் சொன்னார்.

"மேய்ச்சா சொந்தமாயிடுமாப்பா?"

வெளியே வந்து டீ குடித்தோம். அவரவர் பஸ்ஸுக்குப் போனோம்.

ஐப்பசி 8, ஞாயிறு

விடாத மழை. பட்டியில் சேறு கணுக்கால் வரை. இவர் செங்கல் ஜல்லி கொட்டினார், அதுவும் உள்ளே போய்விட்டது. நாலைந்து ஆடு நொண்டுகிறது. குளம்பு இடுக்கில் புண், நாற்றம்.

வரப்பில் புல் அறுக்கப் போனேன். வயல்காரர் நாற்றை மிதிக்கிறாய் என்று திட்டினார். மிதிக்கவில்லை. ஆனாலும் வந்துவிட்டேன்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா மருந்து கொடுத்தார். காய்ந்த இடத்தில் நிற்க வையுங்கள், அதுதான் முதல் மருந்து என்றார். சரிங்கம்மா என்றேன்.

ஐப்பசி 9

மழை. திவ்யாவுக்கு லீவு. எழுத ஒன்றுமில்லை.

ஐப்பசி 10, செவ்வாய்

காற்றும் சேர்ந்துகொண்டது. புயல் சின்னமாம். சாயங்காலம் ஏரித் தண்ணீர் பட்டிக்குள் வந்துவிட்டது. குட்டிகளை வீட்டுக்குள் கட்டிலின் மேல் ஏற்றினோம். பெரிய ஆடுகளை எங்கே ஏற்றுவது? ரோட்டுக்கு ஓட்டினோம். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது, இரண்டு ஆடுகள் பள்ளத்தில் குதித்துவிட்டன. இறங்கி இழுத்தோம்.

விளக்கு வைக்கிற நேரம். கேட் பக்கத்திலிருந்து டார்ச் அடித்தது. சேகர். பூட்டைத் திறந்து கேட்டைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றான். இவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவன் கேட்கவில்லை.

"ஓட்டுங்க மாமா. விடியறதுக்குள்ள எறக்கிக்கலாம்."

ஆடுகளை ஓட்டவே வேண்டியிருக்கவில்லை. தானாக ஏறிப் போய், உதறிக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துவிட்டன. அவற்றைப் பார்த்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் தார்ப்பாய்க்கு அடியில் நின்றோம். குளிர். ஆனால் இந்த மாதத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது அப்போதுதான்.

ஐப்பசி 11, புதன்

புயலுக்கு ஏதாவது சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கக் கம்பெனி சூப்பர்வைசர் விடியும் முன்பே வந்துவிட்டார். ஆடு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தார். சத்தம் போடவில்லை. யாருக்கோ போன் செய்தார், அவ்வளவுதான்.

இவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அத்துமீறி நுழைந்தாராம். இனிமேல் அந்தப் பக்கம் ஆடு ஓட்டமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு மதியம் விட்டார்கள். அடிக்கவில்லை என்றார். கேட்டதற்கு அதை மட்டும்தான் சொன்னார்.

சேகருக்கு வேலை போய்விட்டது.

ஐப்பசி 12, வியாழன்

தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். அவள்மேல் தப்பில்லை. மளிகைப் பையை வாசலிலேயே வைத்தேன்.

ஏன்டா திறந்தே என்று கேட்டேன்.

"ஆடு நனஞ்சிக்கினு நிக்குது. நீயும் நனஞ்சிக்கினு நிக்கற. சாவி என் கைல கீது. இன்னாக்கா பண்ண சொல்ற?"

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அழுகை வந்தது. பக்கத்திலிருந்த அம்மா, யாராவது தவறிட்டாங்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஐப்பசி 15, ஞாயிறு

சினை ஆடு ஒன்று செத்தது. நேற்று ஒன்று. மருந்து தீர்ந்துவிட்டது. மிக்சியும் ரிப்பேர்.

சூளூர்பேட்டை வியாபாரிக்குப் போன் செய்துவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. இவர் தெலுங்கில் பேசுவதைக் கேட்டுத்தான் தெரிந்தது. இந்த ஆட்டுத் தொழில் நைனாவோடு, அவர் அப்பாவோடு, போகட்டும் என்று ஏதோ சொன்னார். போனை வைத்துவிட்டு வெகுநேரம் பட்டிக்குள் நின்றார்.

ஐப்பசி 17, செவ்வாய்

வண்டி வந்தது. மந்தை முழுவதையும் ஏற்றினார்கள். நொண்டும் ஆட்டையும் எடுத்துக்கொண்டார்கள், அரை விலைக்கு. ஏற்றும்போது திவ்யா பள்ளியில் இருந்தாள். அதற்காகத்தான் காலையில் வரச் சொன்னாராம்.

சாயங்காலம் பழக்கதோஷத்தில் கழுநீர்த் தொட்டியை நிரப்பிவிட்டேன்.

ஐப்பசி 23, திங்கள்

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

சூப்பர்வைசரிடமிருந்து ஆள் வந்தது. கேட்டுக்கு ஆள் வேண்டுமாம், இவர் வருவாரா என்று. நம்ப முடியவில்லை. ஸ்டேஷனுக்கு அனுப்பியவரே. வந்த ஆள் விளக்கினான்: சுற்றுவட்டத்து ஆட்டுக்காரர்கள் எல்லோரையும் உங்களுக்குத்தானே தெரியும், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

இவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். சேகருக்குப் போன் செய்து கேட்டார். போங்க மாமா என்றானாம். நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அரிசிப் பானை பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி 26, வியாழன்

முதல் நாள் டூட்டி. நீல சட்டை. இட்லி கட்டிக் கொடுத்தேன்.

இருட்டும்போது வந்தார். கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். திருப்பாலைவனம் பக்கத்திலிருந்து ஒருவன், முன்பின் தெரியாதவன், மந்தையோடு வந்தானாம். அவன் ஊர்ப் பக்கமும் தண்ணீராம். வேலியோரமாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கேட்டண்டை வந்து அண்ணே என்று கூப்பிட்டானாம்.

நீ என்ன சொன்னே என்றேன்.

"வெரட்டிட்டேன்."

சோறு போட்டேன். பிசைந்தார். அப்படியே கையைக் கழுவிவிட்டார்.