ஆரத்தியை மறைத்த பெரியம்மாவும் உன் கேள்வியும்

பதில் வந்துவிட்டதடி, நீ கேட்டது சரியான கேள்வியாம், ஆராய்ச்சி செய்கிற ஒரு அம்மாவுக்கு எழுதிக் கேட்டிருந்தேன், அவரே பதில் எழுதியிருக்கிறார், தாள் பிரிண்டரிலிருந்து முழுசாக வெளியே வருவதற்குள் இழுத்துப் படித்துவிட்டேன்!

மை விரலில் ஒட்டியிருக்கிறது. மெயில் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என்னையே திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, இந்த பிரவுசிங் சென்டர் மேசையில் உட்கார்ந்து நான் இப்படிக் கத்தியதே இல்லை.

தேவராஜ மொஹல்லாவில் எங்கள் சென்டருக்கு நேர் மேலே உன் அண்ணனின் வீடியோ கடை. கூட்டமில்லாத மதியங்களில், நெட்டில் கிடைத்த உயிரியல் பக்கங்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடி வருவேன். நீ இரண்டு வீடியோ கேசட் டெக்கும் ஒரு டிவியுமாகக் கல்யாணக் கேசட் எடிட் செய்துகொண்டிருப்பாய். கல்லூரி வாசலை நாம் இருவருமே மிதித்ததில்லை.

அன்று நான் படித்துக் காட்டியது ஆர்என்ஏ பற்றி. அது ஜீனிலிருந்து எடுத்த நகல்; அதில் வேண்டாத பகுதிகளைச் செல் வெட்டி எறிகிறது, மீதித் துண்டுகளை ஒட்டுகிறது. எந்தத் துண்டை வைப்பது, எதை விடுவது என்பது மாறினால் ஒரே ஜீனிலிருந்து வேறு வேறு புரதம்.

"இது நம்ம வேலைதான் கணே! ஒரே கல்யாணம், பொண்ணு வீட்டுக்கு ஒரு கேசட், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கேசட். இங்க வீட்டுக்காரங்க பக்கத்துல உட்கார்ந்து எதை வைக்கணும்னு சொல்றாங்க. சரி, செல்லுல யார் பக்கத்துல உட்கார்ந்து சொல்றாங்க?" என்றாய். 'அடி' என்பதற்குக் கன்னடத்து 'கணே'தான் உன் வாயில் வரும்.

ஆர்என்ஏ மேலேயே போய் உட்காரும் புரதங்கள் இருக்கின்றன என்றேன். சில, வெட்டி ஒட்டும் இயந்திரத்தைக் கூப்பிட்டுத் துண்டைத் தங்கவைக்கும். சில, அதை மறித்துத் துண்டை விடவைக்கும்.

அந்த வாரம்தான் விஜயநகர் மாப்பிள்ளையின் பெரியம்மா வந்தார். உன் பக்கத்தில் உட்கார்ந்து "இதை வைம்மா, அதையும் வைம்மா" என்றார். வைத்தாய். பிறகு சரியாகத் தெரியவில்லை என்று நாற்காலியை டிவிக்கு முன்னாலேயே இழுத்துப் போட்டுக்கொண்டார். கேசட்டை வாங்கிப் போனவர் மறுபடி படியேறி வந்தார்.

"ஏம்மா, நான் ஆரத்தி எடுத்தது எங்க?"

"நீங்கதான் டிவியை மறைச்சுட்டு உட்கார்ந்தீங்க பெரியம்மா! எனக்கு உங்க கொண்டைதான் தெரிஞ்சுது."

"கொண்டையையாவது கேசட்டுல போட்டியா?"

அவர் போனதும் நான் உருண்டு உருண்டு சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"அவங்க சீனை வைக்கத்தான் வந்தாங்க. உட்கார்ந்த இடம் மாறுச்சு, சீன் போச்சு. அப்போ கூப்பிடற புரோட்டீனும் இடம் மாறி உட்கார்ந்தா, துண்டு போயிடுமா?"

என்னிடமிருந்த எந்தத் தாளிலும் அதற்குப் பதில் இல்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நெட்டில் ஒரு விவாதக் குழுவில் கேட்டேன். ஒரே ஒரு பதில் வந்தது: முதலில் ஒரு பாடப்புத்தகம் வாங்குங்கள்.

அந்தப் பதிலை நின்றபடியே படித்தாய். "விடு கணே, நான் கல்யாண வீடியோக்காரி, நீ பிரவுசிங் சென்டர்காரி," என்றாய். அதற்குப் பிறகும் படித்துக் காட்டினால் கேட்பாய், ஆனால் குறுக்கே ஒரு கேள்வி கிடையாது. அசட்டுக் கேள்வி கேட்டுவிட்டோம் என்ற நினைப்போடுதான் நீ போனாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் இந்தத் துறையிலேயே வேலை செய்கிற ஒருவரைத் தேடிப்பிடித்து நேராக எழுதினேன்.

சளி பிடிக்கவைக்கும் ஒரு வைரஸின் ஆர்என்ஏவில் இதையே பார்த்திருக்கிறார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். துண்டைத் தங்கவைக்கிற அதே வகைப் புரதம், வெட்டி எறிய வேண்டிய பகுதியில் போய் உட்கார்ந்தால் இயந்திரத்தை அண்டவிடுவதில்லையாம், துண்டு போய்விடுகிறதாம். "அருமையான கேள்வி. உங்கள் தோழி எந்த ஆய்வகத்தில் இருந்தார்?" என்று கேட்டிருக்கிறார்.

தேவராஜ மொஹல்லா, முதல் மாடி என்று பதில் போட்டேன்.

இப்போதெல்லாம் எதைப் படித்தாலும் உன்னைப் போலக் குறுக்கே கேட்கிறேன். கூச்சம் போய்விட்டது. இந்த மடலை நெட்டில் இருக்கும் நம் தமிழ்க் குழுவில் போடுகிறேன். படிக்கிறவர்களே, அடுத்த கேள்வி என்னுடையது: எங்கே உட்கார வேண்டும் என்று அந்தப் புரதத்துக்கு யார் சொல்கிறார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். தெரியாதவர்கள் உங்கள் சந்தேகத்தை அனுப்புங்கள். வருகிற ஒவ்வொரு கேள்விக்கும் தலைப்பில் என் தோழியின் பெயரைப் போட்டு, பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.