நீ மடித்துக் கொடுத்த மார்க்கையன்கோட்டை வெற்றிலை

மாப்பிள்ளை,

இன்று காலை உன் மைத்துனன் வந்திருந்தான். உன் காரியத்துக்குச் சொல்லிவிட்டுப் போக வந்தவன், வெறுங்கையோடு வரக் கூடாதென்று ஈரச்சாக்கில் சுற்றிய வெற்றிலைக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தான். "அவுகளுக்கு ஒங்க மேல உசுரு. கட்டாயம் வந்துரணும்" என்றான். நான் தலையை ஆட்டி அனுப்பிவைத்தேன். உயிராம். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் நல்ல சிரிப்பு இல்லை.

அவன் தெருமுனை திரும்புவதற்குள் வீடு முழுக்க அந்த வாசம் ஏறிவிட்டது. உன் மாமனார் ஊர் இலை கரும்பச்சை. காம்பைக் கிள்ளினாலே மூக்கில் காரம் இறங்கும். நம் ஊர்க் கொடிக்கால் இலை அப்படியில்லை, வெளுத்தது, நாக்கை உறுத்தாதது. கண் தெரியாதவன்கூட இரண்டையும் மோந்து பார்த்துப் பிரித்துச் சொல்லிவிடுவான். கண் தெரிந்த நான்தான் அன்றைக்கு ஏமாந்தேன்.

செத்தவன் மேல் கோபம் வைக்கக் கூடாது என்பார்கள். ஊருக்கே அதை எடுத்துச் சொல்கிற வேதக்கோயில் உபதேசியார் நான்தான். இருந்தாலும் எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது. நீ உயிரோடிருந்தபோது திட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். அந்தத் திட்டெல்லாம் உள்ளேயே கிடக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

மலைக்கு மேலே அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. இப்போது சித்திரையிலும் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, அப்போது மணல்தான் ஓடும். சவரிமுத்து அண்ணனின் கொடிக்காலில் அகத்தி நிழலில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்குவோமே, அதுதான் நமக்கு மந்தை, சாவடி எல்லாம். தை மாதக் கரிநாளில் மார்க்கையன்கோட்டையோடு சடுகுடு. மூன்று கரிநாளாகத் தோற்றிருந்தோம். ஐப்பசி பிறந்ததுமே நம் ஆட்களுக்குச் சோறு இறங்காது, யாரை எந்த ஊரிலிருந்து கொண்டுவருவது என்ற பேச்சுத்தான்.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? எந்த ஊர் ஆளானாலும் சரி, ஆட்டத்துக்கு முன்னால் ஒரு ஊரார் கையால் வெற்றிலை வாங்கிவிட்டால் அவன் அந்த ஊர்க் கட்சி. வாங்கிய வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்தவனை எந்த மண்ணிலும் நடுக்கோட்டை மிதிக்கவிட மாட்டார்கள்.

"அணை வேலையில கல்லு தூக்குறான் ஒரு மலையாளத்தான்" என்று ஆரம்பிப்பார் சவரிமுத்து அண்ணன். "கூடலூர்ச் சந்தையில என் கண்ணால பாத்தேன். தொடை ஒவ்வொண்ணும் உரலு. அவனுக்கு வெத்தல வச்சுருவோம்."

"தொடையாண்ணே பாடிக்கிட்டுப் போகும்? மூச்சு வேணும்ல" என்பான் அந்தோணி. அவன் ஒருநாளும் களத்தில் இறங்கியதில்லை. ஆனால் கம்பம் தொடங்கித் தேனி வரை எந்த ஊரில் எவன் எப்படிப் பாடுவான், எந்தக் கால் முன்னே வரும் என்பதெல்லாம் அவனிடம் கேட்டால் போதும். "உத்தமபாளையத்துல குதிர யாவாரம் பாக்குற ராவுத்தர் மகன் இருக்கான். கோட்டத் தாண்டுனதும் தெரியாது, திரும்புனதும் தெரியாது. ஆளுன்னா அவன் ஆளு."

"அவன் தொட்டா ஈ கூடப் பறக்காது. இழுத்துக்கிட்டு வர்றதுக்குப் பலம் வேணும்லே."

இரண்டு பேரும் அடித்துக்கொள்ளட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டுவிட்டு நான் நடுவில் புகுவேன். "ஊரான் புள்ளைகளுக்கு வெத்தல வைக்க அலையுறீகளே, நம்ம ஊருல பெத்துப்போட்டதெல்லாம் கோழிக்குஞ்சா? இந்தா இங்கன உக்காந்துருக்கானே, இவனவிடப் பாடுறவன் எவன்?"

"உள்ளூரு மாடு வெல போகாது, உபதேசியாரே."

"வெல போகாட்டி என்ன, உழுகுதுல்ல?"

எல்லாரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். யாரோ எவனோ ஒருவனைப் பற்றிய பேச்சு போலக் காம்பைக் காம்போடு சேர்த்து வாழைநாரில் கட்டிக்கொண்டிருப்பாய்.

நான் உனக்காகப் பேசியது சிநேகத்துக்காக மட்டும் இல்லை, தெரிந்துகொள். நீ பாடும் அழகு எனக்குத் தெரியும். மற்றவர்கள் ஊரே கேட்கக் கத்திக்கொண்டு போவார்கள். நீ தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரி அடித்தொண்டையில் பாடுவாய். எதிராளி சத்தம் கேட்கவில்லையே, மூச்சு விட்டானோ என்று ஒரு எட்டு முன்னால் வருவான். அந்த எட்டுக்குத்தான் நீ காத்திருப்பாய். இடது தோளைத் தாழ்த்துவாய், வலது கை எங்கிருந்து வந்ததென்று தொடப்பட்டவனுக்கே தெரியாது. மூன்று கரிநாளும் நாம் தோற்றது உன்னால் இல்லை, பிடிக்க ஆளில்லாததால். இதை நான் அந்த அகத்தி நிழலில் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன்.

அந்த வருஷம் ஆவணியில் உனக்குக் கலியாணம். பெண் மார்க்கையன்கோட்டை. நான்தான் உனக்குத் தோழனாக வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். சாப்பாடு பலம். திரும்பும் வழியெல்லாம், "எதிரி ஊருலேயே பொண்ணத் தூக்கிட்டோம், இனி ஆட்டத்தத் தூக்குறதா பெருசு" என்று அந்தோணி குதித்துக்கொண்டு வந்தான்.

நாங்கள் எப்படிப்பட்ட மடையர்கள் என்று யோசித்துப் பார். கலியாணம் முடிந்த முதல் கரிநாளுக்கு மாப்பிள்ளை பெண்ணூரில்தான் கறிவிருந்து சாப்பிட வேண்டும். இது குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். ஆட்டமும் அதே கரிநாளில். உரல் தொடைக்காரனையும் குதிரைக்காரர் மகனையும் நிறுத்து நிறுத்துப் பார்த்தோமே தவிர, நம் ஆள் அன்றைக்கு எந்த ஊரில் இலை முன்னால் உட்கார்ந்திருப்பான் என்று ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை.

பிறகு மார்கழியில் எனக்கு உறைத்தது. ஓடிவந்து உன்னைக் கேட்டேன். நீ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாய்: "காலையில விருந்து, மத்தியானம் ஆட்டம். நான் எங்கன போகப் போறேன் மாப்ளே? நடுக்கோட்டுல ஒனக்கு முன்னாடி நிப்பேன்."

அந்த வார்த்தையை நான் அப்படியே நம்பினேன். நடுக்கோட்டில் நிற்பேன் என்றாய், நின்றாய்தான். பொய் சொன்னதாக உன்னைப் பிடிக்கவும் முடியாது.

அதற்கடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் கொடிமரத்தடியில் கூடினோம். சவரிமுத்து அண்ணன் மலையாளத்தானுக்கு வெற்றிலை கொண்டுபோக வண்டியே பூட்டிவிட்டார். "பொண்ணெடுத்த ஊரு பாசம் பொல்லாதது உபதேசியாரே. இவன் வருவான்னு என்ன நிச்சயம்?" என்றார். கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தது. எனக்கு எங்கிருந்து அவ்வளவு ரோசம் வந்ததோ தெரியாது. சத்தியம் செய்யாதீர்கள் என்று ஊருக்குப் படித்துப் படித்துச் சொன்ன நான், கொடிமரத்தில் கையை வைத்துவிட்டேன்.

"இவன் நம்ம கட்சிக்குப் பாடலைன்னா, கோயில்ல செபம் சொல்ற வாய நான் மூடிக்கிறேன். இவன் நம்ம ஊருக்காரனா வந்து நிக்கிற வரைக்கும் தெறக்க மாட்டேன்."

பங்குச் சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் நம் ஊருக்கு வருவார். மற்ற நாளெல்லாம் முன்னால் நின்று செபம் தொடங்குவது நான். எனக்கென்று நிலமில்லை, நீச்சில்லை, அந்தக் குரல் ஒன்றுதான் எனக்கிருந்த மரியாதை. அதை உன் பேரில் வைத்தேன். சவரிமுத்து அண்ணன் போய் மாட்டை அவிழ்த்தார்.

நீ அப்போது என் முழங்கை படும் தூரத்தில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தாய். மடியிலிருந்து ஒன்றை எடுத்துச் சுண்ணாம்பு தடவி மடித்து என்னிடமும் கொடுத்தாய். வாயில் போட்டதும் கண்ணில் தண்ணீர் வந்தது. "என்னலே இம்புட்டுக் காரம்?" என்றேன். "மாமியா வீட்டு வெத்தல, அப்படித்தான் இருக்கும்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தேன்.

அது உன் மாமனார் ஊரார் ஆட்டத்துக்கென்று உன் கையில் வைத்த வெற்றிலை. முந்தின வெள்ளிக்கிழமையே வாங்கிவிட்டாய் என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அதை வாயில் வைத்துக்கொண்டுதான் நான் சத்தியம் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அதில் எனக்கும் ஒரு பங்கு கொடுத்தாய்.

கரிநாளன்று மார்க்கையன்கோட்டைக் களத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நீ கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாய். அந்தோணிதான் முதலில் பார்த்தான். "அண்ணே, அவன் தெரியாம அங்கன நிக்கிறான்ணே, கூப்பிடுங்கண்ணே" என்றான் பாவம். சவரிமுத்து அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நம் கட்சியில் ஓர் ஆள் குறைந்தது. வேறு வழியில்லாமல் நான் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். உபதேசியார் தொந்தியோடு களத்தில் இறங்கியதைப் பார்த்து அவர்கள் ஊர்ப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நீ பாடிக்கொண்டு வந்தாய், அதே அடித்தொண்டையில். தொடுவதற்குக் கிட்டத்தில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு மூலையில் நின்ற என்னிடம் வந்தாய். இடது தோள் தாழ்ந்தது. உன் விரல் என் தோளில் பட்டது. அடி இல்லை, தட்டு இல்லை, தூசி தட்டுகிற மாதிரி ஒரு தொடல். பாடுகிறவன் பாட்டை விட்டு வேறு வார்த்தை பேசக் கூடாது. கண்ணை மட்டும் என் முகத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாய். நான் வெளியே போய் உட்கார்ந்தேன். தோற்றோம்.

நீ மாமனார் ஊருக்கு ஆடியது எனக்குப் பெரிதில்லை, மாப்பிள்ளை. புதுப்பெண்டாட்டி, மாமனார் வீட்டுக் கௌரவம், நானும் மனிதன்தான். வெற்றிலை வாங்கிவிட்டேன் என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கொடிமரத்திலிருந்து கையை எடுத்திருப்பேன். வண்டி கூடலூருக்குப் போயிருக்கும். நீ நம்பவைத்துக் கழுத்தறுத்தாய். அதுவும் சிரித்துக்கொண்டு அறுத்தாய்.

அதற்குப் பிறகு கோயிலில் நான் வாய் திறக்கவில்லை. அந்தோணிதான் திக்கித் திக்கிச் செபம் தொடங்கினான். சாமியார் கூப்பிட்டு, செய்தது தப்பான சத்தியம், அதைக் காப்பாற்றுவது இன்னொரு தப்பு, விட்டுவிடு என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் பின்வரிசையில் உட்காருவது எனக்குப் பழகிவிட்டது. பிள்ளைகளுக்கு மட்டும் பாடம் சொன்னேன்.

நீ அந்த ஊரிலேயே தங்கிவிட்டாய். ஒரு தரம் கொடிக்கால் வரப்பில் எதிரே வந்து, "இன்னும் கோவமா மாப்ளே?" என்று கேட்டாய். நான் அகத்திக்குள் இறங்கிப் போய்விட்டேன். பின்னால் நீ நிற்பது தெரிந்தது. வெகுநேரம் நின்றாய். எதற்காக அப்படிச் செய்தாய் என்று அன்றைக்குக் கேட்டிருக்கலாம். நீயும் சொல்லியிருக்கலாம், உனக்குக் கால் இருந்தது, பின்னாலேயே வந்திருக்கலாம்.

காய்ச்சலில் போய்விட்டாய் என்று ஆள் வந்தபோது முதலில் எழுந்தவர் சவரிமுத்து அண்ணன். கொடிக்காலுக்குள் போய் நம் வெள்ளை இலையில் இளசாகப் பார்த்துக் கிள்ளிக்கொண்டு வந்து என் துண்டில் முடிந்தார். "கொண்டுபோம்யா" என்றார்.

உன் பங்காளிகள் வாய்க்கரிசி போட்ட பிறகு, வாயில் வைப்பதற்கு உன் மாமனார் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். நான் துண்டை அவிழ்த்தேன். "இது எங்க ஊரு வெத்தல" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு இடித்துக்கொண்டிருந்த கார இலையைத் தட்டிவிட்டு உரலை என் பக்கம் நகர்த்தினார். நான் இடித்தேன். என் கையால் உன் உதட்டுக்குள் வைத்தேன். அன்பால் வைத்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வாங்கிக்கொள்ளடா, இனி நீ எங்கள் கட்சி என்று மனதுக்குள் சொன்னேன். ஒரு வழக்கைத் தீர்த்த மாதிரி இருந்தது.

நேற்று ஞாயிறு. கோயில் வாசலில் சவரிமுத்து அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன்தான் நம்ம வெத்தலைய வாங்கிட்டானே. சத்தியம் தீந்துருச்சு. வாயத் தெறயும் உபதேசியாரே. இந்த அந்தோணி நம்மளக் கரையேத்த மாட்டான்." அந்தோணியே விலகி எனக்கு வழிவிட்டான்.

முன்னால் போய் நின்றேன். பரலோக மந்திரத்தைத் தொடங்கினேன். குரல் துருப்பிடிக்கவில்லை, நன்றாகத்தான் வந்தது. பின்னால் இருந்த பெண்கள் அழுகிறது கேட்டது. நமக்குத் தப்புச் செய்தவர்களை நாம் பொறுத்துக்கொள்வதைப் பற்றி ஒரு வரி வருமே, அந்த இடத்துக்கு வந்தேன். தோளில் உன் விரல் பட்டது, மாப்பிள்ளை. களத்தில் பட்ட அதே இடத்தில். மூச்சு நின்றுவிட்டது.

அந்த வரியை ஊர்தான் சொல்லி முடித்தது. நான் அடுத்த வரியில் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

உன் காரியத்துக்கு வருகிறேன். அடுத்த ஞாயிறும் செபம் தொடங்குவேன். அந்த ஒரு வரியை மட்டும் இன்னும் சொல்ல வரவில்லை.