நீர்வாயிற் கதவு திறக்க விடுத்த மூன்றாம் ஓலை

வெற்றி நிலைக்க, மழை பொய்யாதிருக்க, ஆற்றில் நீரும் களத்தில் நெல்லும் குறையாதிருக்க. மலைகள் தலை வணங்குவதும் கடல்கள் கால் கழுவுவதுமான பெருமையுடைய பொன்வளை நாட்டு வேந்தர், அடல்வேள் பெருமகனார் திருமுத்திரையுடன், தலைமை அமைச்சர் அந்துவன் சேந்தனார் எழுதுவிக்க, மாமணல் நகர் நீர்வாயிற் காவலர் தலைவர் ஏறனாருக்கும், அவ்வாயிற் கதவின் பின்னே உரலையும் அம்மியையும் அச்சு முறிந்த வண்டியையும் அடுக்கி அவற்றின்மேல் அமர்ந்திருக்கும் நகரப் பெருமக்களுக்கும் விடுத்த ஓலை.

பொன்வளை நாட்டில் மன்னர் அறியாமல் ஓர் இலையும் அசைவதில்லை என்பது எண்டிசையும் அறிந்தது. அரண்மனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள நீர்வாயில் அடைபட்டதை மன்னர் அறிந்தது, காலை உணவில் தயிர் இல்லாதபோது.

தயிர் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள நாணற்குடியிலிருந்து வருவது. அது ஏன் வரவில்லை என்று கண்டுவர அமைச்சரே நடந்து சென்றார். பெருமாருதச் சுரம் என்றொரு கொடுநோய் வரும் கார்காலத்தில் நாணற்குடியில் பிறந்து நாட்டையே விழுங்கப் போவதாக நகர் முழுதும் பேச்சு. அந்நோய் எவருக்கும் வந்ததில்லை, எவரும் கண்டதில்லை. எனினும் அதன் குணம், நடை, விருப்பு, வெறுப்பு யாவும் எல்லோருக்கும் தெரிந்திருந்தன. அது காக்கையின் முதுகில் ஏறி வருமாம். வேப்பிலையை நாவின்கீழ் அடக்கியவரைத் தீண்டாதாம். துடைப்பத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்ட வீட்டுக்குள் நுழையக் கூசுமாம். ஆற்றுப் பக்கம் திரும்பித் தும்மியவரை மட்டும் பெயர் சொல்லி அழைக்குமாம். வேப்பிலை அடக்கிய வாயோடு இவற்றைப் பலர் விளக்கியதால், அமைச்சருக்குப் பாதிதான் விளங்கிற்று.

அவர் மதில்மேல் ஏறிக் குனிந்து பார்த்தார். கீழே மணலில் நாணற்குடி எயினி என்பவள், மடியில் ஒரு துணிமூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் குறுந்தி நகருக்குள் குயவர் தெருவில் வாழ்க்கைப்பட்டவள், தலைப்பிரசவம், நாள் நெருங்கிவிட்டது, அவ்வீட்டில் வேறு பெண்துணை இல்லை. மூட்டையில் சுக்கும் விளக்கெண்ணெயும் பிள்ளையைத் துடைக்கப் பழந்துணியும் இருந்தன. அமைச்சரின் பட்டங்களை உடன்வந்த கட்டியக்காரன் மதிலிலிருந்து ஓதத் தொடங்கியபோது அவள் இடைமறித்துச் சொன்னதை, சொன்னபடியே எழுதுமாறு அமைச்சர் பணித்தார்.

"பட்டமெல்லாம் அப்புறம் படிக்கலாம் சாமி. மேலேயிருந்து பாக்குறீங்களே, நல்லா பாருங்க. எனக்கு இருமலா, சுரமா? நோவு இன்னும் பொறக்கவே இல்ல, அதுக்குள்ள எங்க ஊர்ல தொட்டில் கட்டிட்டாங்களா? பொறக்கப் போறது எம் மவளுக்குத்தான்யா! மூணு மாசத்துக்கு முன்னால உங்க ராசா எங்க ஊருக்கு வந்தாரே, ஊரே கூடி ஆக்கிப் போட்டோமே, அப்ப இந்தக் கதவு தொறந்துதானே கெடந்துச்சு?"

அமைச்சர் மதிலைவிட்டு இறங்கினார். நேரே ஓலை எழுதச் சென்றார்.

முதல் ஓலையில் நோய் ஏதும் இல்லை என்னும் செய்தி ஒரு வரியாகவும், மன்னரின் சிறப்பு மீதி வரிகளாகவும் அமைந்தன. அதை யானைமேல் ஏற்றி, முரசறைந்து, வாயிலில் படித்தார்கள். கூட்டத்தில் எண்ணெய் வாணிகர் மாசாத்தன் எழுந்து, "ஒண்ணுமே இல்லைன்னா, அதைச் சொல்ல எதுக்குய்யா யானை?" என்று கேட்டார். அன்று மாலைக்குள் கதவின் பின்னே அம்மிகள் வந்து சேர்ந்தன. இரண்டாம் ஓலையைச் சங்கும் முழங்கப் படித்தார்கள். வண்டி வந்தது.

ஏறனாரே, அதன்பின் நீர் அரண்மனைக்கு எழுதிய மறுமொழியை அமைச்சர் மறக்கவில்லை. நோய் இல்லை என்பதைத் தாம் நம்புவதாகவும், ஆனால் நாணற்குடியிலிருந்து திரும்பிய நாளில் மன்னருக்கு என்னதான் நேர்ந்தது என்று ஊர் கேட்பதாகவும், அதை ஒளிக்காமல் சொல்லும்வரை மக்கள் வண்டியைவிட்டு இறங்கார் என்றும், அவர்கள்மேல் வேல் ஓச்சத் தமக்கு மனமில்லை என்றும் எழுதியிருந்தீர். அமைச்சர் அதைப் படித்து முதலில் வெகுண்டார். பிறகு, அது நல்ல கேள்வி என்று கண்டார்.

செய்தி சொன்னவர் ஒவ்வொருவரும் தமக்குச் சொன்னவரைக் கையோடு கூட்டிவர வேண்டும் என்று அமைச்சர் விதித்தார். மாசாத்தன் பூக்காரி ஒருத்தியை இழுத்துவந்தார். அவள் அரண்மனை ஆடை வெளுக்கும் நள்ளியைக் காட்டினாள். நள்ளி சொன்னது: "நான் நோவுன்னே சொல்லலைங்க. வேட்டி வந்துச்சுன்னேன். ஒரே நாள்ல அத்தனை வேட்டி வந்துச்சுன்னேன். ஆத்துல நின்னு அலசும்போது நாலு பேரு கேப்பாங்களா இல்லையா? அரண்மனை வைத்தியர் இதுக்கு ஏதோ நீளமா ஒரு பேரு சொன்னாருன்னேன். அவ்வளவுதாங்க."

நீளமான பெயரைச் சூட்டிய அரசமருத்துவர் இளம்பூதனார் அவையில் வந்து, மன்னருக்குச் சிறிய நோய் வருதல் முறையன்று, எனவே அன்றைய நோய்க்கு அரியணைக்குத் தக்க பெயரொன்று காணுமாறு தாம் பணிக்கப்பட்டதாகவும், பழஞ்சுவடிகளில் அவ்வளவு கம்பீரமான பெயர் கிடைக்காமையால் தாமே ஒன்று படைத்ததாகவும், மன்னர் மறுநாளே எழுந்து உலவியதால், இது நோயன்று, வரவிருக்கும் பெருநோயின் முன்குறி என்று விளக்கியதாகவும், மன்னர் அன்று போய்வந்த ஊர் நாணற்குடி ஆகையால் அதன் பிறப்பிடத்தையும் அங்கேயே வைத்ததாகவும் கூறினார். இத்தனையும் சொல்லி முடித்தபின், தம் வீட்டிலும் இப்போது துடைப்பம் தலைகீழாகத்தான் தொங்குகிறது என்றும் மெல்லச் சொன்னார்.

ஆக, பேச்சின் ஊற்று எங்கே என்று தெளிந்தது. அதை மன்னரிடம் எவ்வாறு சொல்வது என்பதுதான் தெளியவில்லை. அமைச்சர் தம் கழுத்தை ஒருமுறை தடவிக்கொண்டு உள்ளே சென்றார்.

மன்னர் சினந்தார். மூன்றாம் ஓலைக்குப் பொன் தகடு தரலாமே என்றார். அமைச்சர் பணிந்து உரைத்ததாவது: நாளை மெய்யாகவே ஒரு பெருநோய் கடல் கடந்து வரக்கூடும். அன்று, கூட்டம் கூடாதீர், கைகளைக் கழுவுக, நீரைக் காய்ச்சிக் குடியுங்கள், நோயுற்றவரை வெறுக்காமல் தனியே வைத்துப் பேணுங்கள் என்று இதே முரசைத்தான் அறைந்தாக வேண்டும். இன்று ஒரு வயிற்றை மறைக்க அம்முரசைக் கெடுத்துவிட்டால், அன்று அதைக் கேட்பவர் யார்? அதுவும் இருக்கட்டும், நம் அரண்மனையில் பிறந்த ஒரு சொல்லால் தாய் ஒருத்தி மதிலுக்கு வெளியே மணலில் கிடக்கிறாள், மகள் உள்ளே வலிக்குக் காத்திருக்கிறாள்.

 மன்னர் முத்திரை மோதிரத்தைக் கழற்றித் தந்தார். இவ்வோலையின் கடைசி வரியில் ஒரு சொல்லை மட்டும் குறைக்கலாகாதா என்று கேட்டார். கண்ட சாட்சிகள் ஊர் நிறைய இருப்பதால் இயலாது என்று அமைச்சர் வருந்தினார்.

ஆகவே ஆணையிடுவதாவது: நாணற்குடியில் நோய் இல்லை; இருந்ததும் இல்லை; எந்நோய் எவ்வூரில் பிறக்கும் என்று முன்னே அறிந்தவர் இந்நாட்டில் ஒருவரும் இலர், அரசமருத்துவர் உட்பட. இவ்வோலை படித்து முடிந்தவுடன் வண்டியையும் அம்மிகளையும் அப்புறப்படுத்திக் கதவைத் திறக்க. முதலில் எயினி நுழைக. அவள் மூட்டையை ஏறனாரே சுமந்து குயவர் தெருவரை வழிவிடச் செய்க. அக்கரைப் பாலையும் தயிரையும் மறிப்பவர் அரசாணையை மறித்தவர் ஆவர். காக்கைகளை அவற்றின் போக்கில் விடுக. துடைப்பங்களை இறக்கி, அவரவர் வாசலைப் பெருக்குக.

இவ்வோலையைக் கொணர்பவன் நடந்தே வருவான். யானை இல்லை, சங்கு இல்லை, முரசும் இல்லை. கீழ்வரும் வரியை மட்டும் அவன் வண்டிமேல் ஏறி நின்று, கடைசியில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்குமாறு உரக்கப் படிக்க. எவரேனும் சிரித்தால் தண்டம் இல்லை. இது மன்னர் ஆணை. இது அவர் முத்திரை.

மன்னர் அன்று நாணற்குடியில் ஒரு கூடை நண்டைத் தனியாக உண்டார், வயிற்றால் போயிற்று.