அத்தர் பூசாமல் வாருங்கள்

திண்டிவனம்,
வெள்ளிக்கிழமை, அசர் தொழுகைக்குப் பிறகு.

அன்புள்ள இர்பான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாஜுன்னிசா எழுதுகிறேன். அந்த ஊர் வெயிலிலும் வேலையிலும் அல்லாஹ் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். இங்கே நானும் முஹ்சினாவும் மாமியும் அவன் காவலில்தான் இருக்கிறோம்.

'அவர்களுக்கு' என்று படித்ததும் சிரித்திருப்பீர்கள். பன்னிரண்டு வருஷமாக 'தம்பி, தம்பி' என்று கூப்பிட்ட வாய் இது. போன மாதம் மாமி அந்தப் பேச்சை எடுத்ததிலிருந்து 'தம்பி' என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. வேறு என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். வீட்டில் பேசினால், பெற்ற பிள்ளையின் குரலுக்கு மாமி தொழுகைப் பாயிலிருந்தே காது கொடுப்பார். கடையில் பேசினால் மசூதித் தெரு முழுக்கக் கேட்கும். வாட்ஸ்அப்பில் எழுதினால், நீங்கள் போடும் பதிலை எனக்கு முன்னால் உங்கள் அண்ணன் மகள் முஹ்சினா படித்து முடித்துவிடுவாள். கோட்டக்குப்பம் அமீர் பாட்சா புதன்கிழமை ஷார்ஜா திரும்புகிறார். மல்லாட்டை உருண்டை டப்பாவின் அடியில் இதை வைத்து அனுப்புகிறேன். உருண்டையை ரூமில் எல்லோருக்கும் கொடுங்கள். கடிதம் உங்களுக்கு மட்டும்.

முஹ்சினா நான்காம் வகுப்புக்குப் போய்விட்டாள். கணக்கில் முழு மதிப்பெண், வாயில் அதற்கும் மேலே. மாமிக்கு முழங்கால் வலி குறையவில்லை. தைலம் தேய்த்துவிட்டால் அரை நாள் நடக்கிறார், மறு அரை நாள் என்னைத் திட்டுகிறார். கடையைத் திறந்துவிட்டேன். தொப்பி, சுர்மா மை, தஸ்பீஹ் மணி எல்லாம் விற்கிறது. அத்தர் அலமாரியை மட்டும் பூட்டி வைத்திருக்கிறேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் இரண்டு பேருக்கும் நிக்காஹ் செய்து வைக்கட்டுமா என்று மாமி கேட்டது நல்ல பேச்சுதான். உங்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. உங்கள் அண்ணன் போன துக்கத்துக்கு நான் இருந்த இத்தா முடிகிறவரை அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது என்று நீங்கள் மாமியைக் கண்டித்ததும் எனக்குத் தெரியும். 'அண்ணி மனசார சரின்னாதான், இல்லாட்டி இந்தப் பேச்சே வேணாம்' என்று நீங்கள் சொன்னதாக மாமி சொன்னார். இந்தக் காலத்தில் யார் இப்படிச் சொல்கிறார்கள்? அப்படிப்பட்டவருக்கு நானும் மனசாரத்தானே பதில் சொல்ல வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

நானும் உங்கள் அண்ணனும் காய்ச்சிய தேன் சாம்பிராணி அத்தரை உங்களுக்குத் தெரியும். செஞ்சி மலைத் தேன் வடித்த பிறகு மிஞ்சும் மெழுகு அடையை நல்லெண்ணெயில் போட்டு, வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்குவோம். வெட்டிவேர், நன்னாரி, கிச்சிலிக்கிழங்கு, கடைசியில் சாம்பிராணி. ஒரே சட்டிதான், ஒரே எண்ணெய்தான். ஆனால் பூசுகிற ஆளுக்கு ஆள் அது மாறிவிடும். அதை வைத்தே நாங்கள் வியாபாரம் செய்தோம், அதை வைத்தே சிரித்துக்கொண்டும் இருந்தோம்.

எங்களுக்குத் தேன் மெழுகு கொண்டுவந்து தரும் பூமாலைக்குப் பூசினால் தேன் எங்கேயோ ஓடிவிடும், மண்தான் நிற்கும். 'மல்லாட்டை புடுங்கின கையாட்டம் இருக்குதுக்கா, இதுக்கு எதுக்கு அத்தரு?' என்று கேட்பாள். நர்ஸ் ஆரோக்கியசெல்வி பூசினால் சாம்பிராணி மட்டும் தனியாக எழுந்து நிற்கும். 'பூசைக்கு நிக்கிறாப்ல இருக்குது, வார்டுல பேஷண்டுங்க பயந்துடுவாங்க' என்று கையைத் துடைத்துக்கொண்டு போவாள். விழுப்புரம் பஸ் ஓட்டும் வெங்கடாசலத்துக்கு வேர்க்க வேர்க்க வெல்லப்பாகு வாசனை வரும். எனக்கு? எனக்குக் கசக்கும். சாம்பிராணிச் சட்டியின் அடியில் கருகிப்போய் ஒட்டியிருக்குமே, அந்த வாசனை. 'உன் கோவந்தான் தோலுல ஏறிக்கினு எண்ணெயக் கருக்குது' என்பார் உங்கள் அண்ணன். அன்றைக்கு அவருக்கு டீ கிடைக்காது.

அவருக்கு மட்டும்தான் அது முழுதாக விளையும். பூசியதும் சாம்பிராணி. கால் மணி நேரத்தில் தேன். அரை மணி நேரம் போனால் காதுக்குப் பின்னால், வாணலியில் வறுத்து இறக்கிய கேப்பை மாவின் வாசனை. கேப்பைக்கும் அந்த எண்ணெய்க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்கிருந்துதான் வருமோ, தெரியாது. பதினோரு வருஷம் தேடியும் வேறு ஒருத்தரிடமும் நான் அதைக் கண்டதில்லை.

அவர் போன அன்றைக்கு விழுப்புரத்தில் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மசூதி வாசலில் விற்றுவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். திண்டிவனத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். தூங்குகிறார் என்று நினைத்துத்தான் வெங்கடாசலம் போய்த் தோளைத் தொட்டிருக்கிறார். விக்கிரவாண்டி தாண்டும்போதே உயிர் போயிருக்க வேண்டும் என்றார்கள். மடியில் ஒரு சீசாகூட உடையவில்லை.

நீங்கள் மண் போட வந்து சேர முடியவில்லை. அதனால் இது உங்களுக்குத் தெரியாது. குளிப்பாட்டி, கஃபன் துணி உடுத்தி, அந்த அத்தரையே பூசினார்கள். முகம் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் குனிந்தேன். எல்லோரும் நான் அழுவதாக நினைத்தார்கள். நான் வாசனை பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி ஆயிற்று. அரை மணியும் ஆயிற்று. சீசாவுக்குள் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது அத்தர். தேன் வரவில்லை. கேப்பை வரவில்லை. டாக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை, இர்பான். அப்போதுதான் நம்பினேன். பிறகுதான் கத்தினேன்.

அப்புறம் நான்கு மாதம் பத்து நாள் இத்தா. அந்த உள் அறை, வாசலில் பச்சைத் திரை. வெளி ஆண்கள் முன்னால் வரக்கூடாது, வாசனை தொடக்கூடாது. வாசனைக் கடையிலேயே வாழ்ந்தவளுக்கு வெறும் வேப்பஞ்சோப்பு. அதுவும் நல்லதற்குத்தான் என்று இருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வராமல் இருக்கட்டும் என்று.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு நீங்கள் லீவு போட்டு வந்தீர்கள். மக்ரிபு தொழுதுவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் நின்று, 'அண்ணி, எதாச்சும் வாங்கிக்கினு வரணுமா?' என்று கேட்டீர்கள். குரல் உங்களுடையது. வாசனை அவருடையது.

முதலில் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்ப விட்டேன். சாம்பிராணி, தேன், அதற்குப் பின்னால் கேப்பை. திரை காற்றில் என் பக்கம் உப்பி உப்பி அடங்கியது. அந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டு மூச்சு விடுகிறார் என்றே தோன்றியது. நீங்கள் இரண்டு தடவை 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டீர்கள். வாயைத் திறந்தால் வாசனை தீர்ந்துவிடும் போல இருந்தது. நான் அழுகிறேன் என்று நினைத்து நீங்கள் போய்விட்டீர்கள்.

அவர் பையிலிருந்து ஒரு சீசாவை நீங்கள் எடுத்துக்கொண்டதாக மாமி பிறகு சொன்னார். 'அண்ணன் வாசனை கொஞ்ச நாளு என்கிட்ட இருக்கட்டும்மா' என்று கேட்டு வாங்கிக்கொண்டீர்களாம். பாவம், நீங்களும் அவரைத்தான் தேடியிருக்கிறீர்கள். அது அந்த அத்தரின் வாசனை என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அது உங்கள் அண்ணனின் தோல் வாசனை. ஒரே வயிற்றில் பிறந்ததால் உங்களிடமும் இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

இல்லை, இன்னொருத்தியும் உண்டு. ஒரு நாள் முஹ்சினா தூங்கி எழுந்து கண்ணைத் திறக்காமலே ஓடிவந்து உங்கள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அவர் என்று நினைத்து 'அத்தா' என்றாளே, நினைவிருக்கிறதா? 'சின்னத்தாடா கண்ணு' என்று நீங்கள் திருத்தினீர்கள். அவள் அழுத அழுகையைத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். என்னால் அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியவில்லை. நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், ஓசையில்லாமல்.

பன்னிரண்டு நாள் இருந்தீர்கள். பன்னிரண்டு நாளும் மக்ரிபு பாங்கு சொன்னதும் தலைவாரிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இத்தாவில் இருக்கிற பெண் செய்யக்கூடாததுதான், அல்லாஹ் மன்னிக்கட்டும். ஆனால் நீங்கள் தப்பாக நினைக்கக்கூடாது. நான் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. அதுதான் என் பாவம். உங்களை நிற்க வைத்து, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் ஊருக்குப் போன பிறகும் அந்தத் திரையைத் துவைக்கவில்லை. மாமி கேட்டால் இன்றைக்கு மழை, நாளைக்குத் தண்ணீர் இல்லை என்று சாக்குச் சொன்னேன். இத்தா முடிந்து கடை திறந்ததும் இன்னொரு கூத்து. வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அத்தரைத் தேய்த்துவிட்டு, அரை மணி நேரம் உட்கார வைத்து வாசனை பார்த்தேன். வேறு யாருக்காவது அதே வாசனை வந்தால், அது வெறும் எண்ணெய், நீங்களும் அவரும் ஒன்றில்லை என்று மனசு அடங்கும் என்று நினைத்தேன். விழுப்புரம் மசூதி வாசலில் ஒரு பெரியவர், 'இன்னாம்மா, அத்தரு வாங்க வந்தா ஜோசியம் பாக்கற?' என்று கேட்டுவிட்டுப் போனார். ஒருத்தரிடமும் வரவில்லை. அன்றைக்குத் திரும்பியதும் அலமாரியைப் பூட்டினேன்.

இப்போது புரிகிறதா என் பேஜாரு? நான் சரி என்று சொல்லிவிட்டால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். அந்தச் சந்தோஷம்தான் பயமாக இருக்கிறது. கண்ணை மூடினால் அவர், திறந்தால் நீங்கள் என்று எத்தனை நாள் ஒருத்தி வாழ முடியும்? என்றைக்காவது ஒரு நாள் உங்களை அவர் பெயரால் 'ஜகபர்' என்று கூப்பிட்டுவிடுவேன். நீங்கள் கோபப்படமாட்டீர்கள், எழுந்து வெளியே போவீர்கள். அது கோபத்தைவிடக் கொடுமை. முப்பத்தைந்து வயதுவரை தனியாக இருந்த மனிதருக்கு, தன் முகத்தையே பார்த்துச் சரி என்று சொல்கிற பெண் கிடைக்க வேண்டும். அண்ணனின் சட்டையை மாட்டும் கொடியாக உங்களை ஆக்கிவிட எனக்கு மனசில்லை.

வேண்டாம் என்று சொல்லலாம். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன், சமையல்கட்டில் தனியாக. சொன்னால் நீங்கள் இனி இந்த வீட்டு வாசல் மிதிக்கமாட்டீர்கள். அவர் இரண்டாம் தடவை செத்துப்போவார். அதையும் என்னால் தாங்க முடியவில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். அடுத்த மாதம் லீவில் வருகிறீர்கள் என்று மாமி சொன்னார். மாமியை முன்னாலேயே கோட்டக்குப்பம் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன்; அவரோடு அங்கே இரண்டு நாள் இருந்துவிட்டு, குளித்து, வெறும் சோப்போடு இங்கே வாருங்கள். அத்தர், சென்ட், பவுடர் எதுவும் வேண்டாம். மாமி நடுவில் உட்காரட்டும், முஹ்சினா ஓடி விளையாடட்டும். திரையை அவிழ்த்து வைத்துவிடுகிறேன். எனக்கு எதிரே உட்கார்ந்து உங்கள் வேலை, ரூம், அங்கே சமைக்கிற கூத்து, என்ன வேண்டுமானாலும் பேசுங்கள். பன்னிரண்டு வருஷத்தில் உங்களுக்கு எந்தக் குழம்பு பிடிக்கும் என்றுகூட நான் கேட்டதில்லை. அந்த ஒரு மணி நேரம் நான் உங்களை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார முடிந்தால், மாமி கையைப் பிடித்துச் சரி என்று சொல்லிவிடுகிறேன். என் மூக்கு அவரைத் தேட ஆரம்பித்தால், முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என்னை மன்னித்துவிட்டு முஹ்சினாவுக்குச் சின்னத்தாவாகவே இருந்துவிடுங்கள்.

நியாயம் என்றால் இரண்டு பக்கமும் வேண்டும். இது அத்தர்க்காரியின் கை. எத்தனை தடவை கழுவி எழுதினாலும் தாளில் ஏறியிருக்கும். மடிப்பைப் பிரிக்கும்போது கருகின கசப்பு வந்தால் அது நான்தான். அதையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, பிறகு டிக்கெட் போடுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் தலைக்குத் துணி போட்டுக்கொள்ளுங்கள். மாமி ஐந்து வேளையும் உங்களுக்காகத்தான் கையேந்துகிறார். நானும் கேட்கிறேன், உங்கள் பெயரைச் சொல்லியே கேட்கிறேன். அல்லாஹ் நம் மூன்று பேருக்கும் எது நல்லதோ அதை எழுதட்டும். அவருக்கு மண்ணறையை விசாலமாக்கி வைக்கட்டும்.

இப்படிக்கு,
தாஜுன்னிசா

பின்குறிப்பு: அவர் பையிலிருந்து எடுத்துப்போன அந்தச் சீசாவை வரும்போது கொண்டுவர வேண்டாம். அங்கேயே ரூமில் உங்கள் பெட்டிக்குள் வைத்துவிட்டு வாருங்கள். கொட்டிவிட மட்டும் கொட்டிவிடாதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.