சண்டை போட்டவருக்குத்தான் பரிசு

டிசம்பர் 2

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் மூவரும் நலம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா?

நீங்கள் அனுப்பிய பொட்டலம் நேற்றுத் தையல் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. எல்லார் முன்னாலும் பிரித்தேன். ஊசி குத்தி வைக்கிற குட்டி மெத்தை, கத்தரிக்காய் வடிவத்தில். கட்டிங் மாஸ்டர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு தச்சதுக்கா இது? கண்ணைக் கட்டிக்கிட்டுத் தச்சாங்களா?" என்று கேட்டார். எங்கள் அண்ணி, ரிடையரான டீச்சர் என்றேன். "அப்ப பரவால்ல" என்றார்.

நன்றி அண்ணி. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை. ஆண்டு விடுமுறைக்கு எல்லாரும் கூடும்போது, அந்த வருஷம் யாரோடு அதிகம் சண்டை போட்டோமோ அவருக்கு நம் கையால் ஒன்று செய்து கொடுக்க வேண்டும். கடையில் வாங்கினால் செல்லாது. அப்பா ஆரம்பித்துவைத்தது, இன்றுவரை யாரும் மீறியதில்லை.

அப்படியானால் இந்த வருஷம் நீங்கள் அதிகம் சண்டை போட்டது என்னோடா? பிப்ரவரியில் அண்ணன் போனதிலிருந்து உங்களிடம் ஒரு வார்த்தை குரல் உயர்த்திப் பேசியிருக்கிறேனா? ஞாயிறு தவறாமல் போன் செய்கிறேன். மருந்து இருக்கிறதா என்று கேட்கிறேன். என்ன குறை வைத்தேன் என்று யோசித்து யோசித்து, நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு இடது கையை வைத்துத் தைத்துவிட்டேன்.

இந்த விடுமுறைக்கு வர முடியாது என்று தோன்றுகிறது. ஹோட்டல் ஒன்றின் ஊழியர் சீருடை முழுக்க எங்கள் தலையில் வந்து விழுந்திருக்கிறது. தவறாக நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

---

டிசம்பர் 6

என் அருமை வெடிக்கு,

உன் அண்ணன் உனக்கு வைத்த பெயரை நானும் உரிமையோடு எழுதுகிறேன். கோபப்பட்டால் படு. அதற்குத்தான் காத்திருக்கிறேன்.

நீ எழுதியது அத்தனையும் சரி. இந்த வருஷம் நீ என்னிடம் ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தவில்லை. போனில் "சரிங்க அண்ணி, உடம்பைப் பாத்துக்கோங்க அண்ணி" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது பார்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவி இருந்தாள். கணக்குத் தேர்வில் வெள்ளைத் தாளை நீட்டுவாள். தெரியாதவள் இல்லை. "ஏம்மா எழுதல?" என்றால், "எழுதினாத்தானே டீச்சர் தப்புப் போடுவீங்க" என்பாள். தப்பும் தவறுமாக எழுதிய பிள்ளைகளை எல்லாம் திருத்திவிட்டேன். அவளை மட்டும் வருஷம் முழுக்க என்ன செய்வதென்று தெரியவில்லை. நீ பிப்ரவரியிலிருந்து எனக்கு வெள்ளைத் தாளாக நீட்டுகிறாய்.

நான் கல்யாணமாகி வந்த முதல் விடுமுறை நினைவிருக்கிறதா? கூடத்தில் எல்லாரும் செய்தித்தாள் சுற்றிய பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். மாமனாருக்கு மூன்று வந்தது. போர்டு எழுதும் உன் அண்ணன் உனக்கு "இங்கே கத்தக் கூடாது" என்று பலகை எழுதிக் கொடுத்தார். என் கை மட்டும் காலி. பாத்திரம் கழுவுகிற சாக்கில் அடுக்களையில் நின்று அழுதேன். நீதான் வந்து, "லூசு, உன்னோட யாரும் சண்டை போடலன்னுதான் அர்த்தம், சந்தோஷப்படு" என்றாய். எனக்குச் சந்தோஷமாக இல்லை. விருந்தாளியோடுதான் யாரும் சண்டை போட மாட்டார்கள். மறு மாதமே துணி காயப்போடும் கொடிக்காக உன்னோடு மல்லுக்கு நின்றேன். அடுத்த விடுமுறையில் உன் கையால் தைத்த பை எனக்குக் கிடைத்தது. பல் குத்தும் குச்சிகூட நுழையாதபடி அதன் வாயை இறுக்கித் தைத்திருந்தாய்! அன்றுதான் நான் இந்த வீட்டுக்காரி ஆனேன்.

இப்போது மறுபடியும் விருந்தாளி ஆகிவிட்டேன். நீ போடாமல் விட்ட சண்டைக்குத்தான் அந்தக் கத்தரிக்காய்.

சீருடை தைக்க அங்கே பதினைந்து பேர் இருக்கிறார்கள். நீ வா.

அன்புடன்,
அண்ணி

---

டிசம்பர் 11

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் மனம் புண்படும்படி நடந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சண்டை போட என்ன இருக்கிறது அண்ணி? அண்ணன் இல்லாமல் தனியாக இருப்பவரிடம் யாராவது மல்லுக்கு நிற்பார்களா? பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? நீங்கள் எல்லாவற்றையும் அழகாகச் சமாளிக்கிறீர்கள். நான் வந்து என்ன ஆகப்போகிறது? உங்களுக்குத் தொந்தரவுதான்.

இங்கே வேலை ஓடவில்லை. கத்தரிக்கோலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே கூடம் முழுக்கத் தேடுகிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. வீட்டில் அவர், "நீ ஒரு பத்து நாள் எங்கயாவது போயிட்டு வா. இந்த வீட்ல ஃபேனுக்கு அடுத்து நிக்காம சுத்துறது நீதான்" என்கிறார். எலெக்ட்ரீஷியனுக்கு வேறு உவமையா கிடைக்கும்?

மெத்தையைத் திருப்பி அனுப்புகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தையலைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஓரம் முழுக்கப் பிரித்து மறுபடி தைத்திருக்கிறேன். பஞ்சும் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது, சரிசெய்துவிட்டேன். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதை வாங்கிக்கொள்ளும் தகுதி இல்லை.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

---

டிசம்பர் 14

வெடிக்கு,

மெத்தை வந்தது. என் தையலைப் பிரித்துப்போட்டதற்கு மிகவும் நன்றி. பத்து மாதத்தில் நீ எனக்குச் செய்த முதல் மரியாதை அதுதான்.

ஆனால் பொட்டலத்தோடு வந்த கடிதத்தைப் படித்ததும் எனக்கு நிலைகொள்ளவில்லை. காலையிலிருந்து பீரோவை ஜன்னல் பக்கம் தள்ளினேன், பிறகு பழைய இடத்துக்கே இழுத்தேன். முழங்காலைப் பற்றிக் கேட்டாயே, அது இப்போது உன் பெயரைச் சொல்லித்தான் வலிக்கிறது.

"அழகாகச் சமாளிக்கிறீர்கள்" என்று எழுதியிருக்கிறாய். "தொந்தரவு" என்று எழுதியிருக்கிறாய். முப்பது வருஷம் பிள்ளைகளின் தாளைத் திருத்தியவள் நான். எந்த வார்த்தையில் பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறார்கள் என்று தாளின் பின்பக்கத்தைத் தடவியே சொல்லிவிடுவேன். அந்த இரண்டு இடத்திலும் நீ அழுத்தியிருக்கிறாய். உனக்குள் என்னவோ மாட்டிக்கொண்டு நிற்கிறது. என்ன அது?

நேராகவே சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் இருந்தவரை நீயும் நானும் உறவு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவர் போன பிறகு நாம் ஒருவருக்கொருவர் யார் என்பது இந்த விடுமுறையில்தான் முடிவாகப் போகிறது. இந்த வருஷம் நீ வரவில்லையென்றால் அடுத்த வருஷம் வாழ்த்து அட்டை வரும். அதற்கடுத்த வருஷம் அதுவும் நின்றுபோகும். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாதபடி, ரொம்ப மரியாதையாக முடிந்துபோகும். எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னைத் தவிர எனக்குச் சண்டை போட வேறு யாரும் இல்லை.

எழுது. தப்பாகவே எழுது.

அண்ணி

---

டிசம்பர் 17

அண்ணீ,

கேட்டாயல்லவா, வாங்கிக்கொள்.

அண்ணன் போன அன்று நான் ஒரு மாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். உனக்குத் தெரியுமா? எப்படித் தெரியும், நீ கேட்டால்தானே! பெரிய பெட்டி எடுத்துவந்தேன். அதைத் திறக்கவே விடவில்லை நீ. நாலாம் நாள் காலையில், "உனக்கு வேலை இருக்குமே, நீ கிளம்பு, நான் பாத்துக்கறேன்" என்றாய். பாடம் முடிந்தது, வகுப்பு கலையலாம் என்கிற மாதிரி. நான் பஸ் நிலையத்தில் அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பஸ்ஸை விட்டேன், நீ ஆளனுப்பிக் கூப்பிடுவாய் என்று. மூன்றாவதில் ஏறினேன்.

அந்த நாலு நாளும் எப்படி நடந்துகொண்டாய்? துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, பள்ளிக்கூட ஆண்டு விழா நடத்துகிற மாதிரி! எனக்கு எங்காவது ஒரு மூலையில் உட்கார்ந்து வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது. நீ என் கையில் டீத் தட்டைக் கொடுத்தாய். "அந்தப் பக்கம் ரெண்டு பேருக்கு வரல பாரு" என்றாய். அவன் உனக்குப் புருஷன், சரி. எனக்கு? நான் நடக்கக் கற்றுக்கொண்டதே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான்.

அப்புறம் அந்த பிரஷ்கள். அவன் போர்டு எழுதின பிரஷ் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு மூன்றாம் நாளே என் கண்ணெதிரில் அவன் வேலை பார்த்த கடைக்குக் கொடுத்துவிட்டாய். ஒன்றே ஒன்று, முடி உதிர்ந்ததாக இருந்தாலும் போதும், எனக்கென்று எடுத்துவைக்கத் தோன்றவில்லையே உனக்கு.

உனக்கு யாரும் தேவையில்லை என்று அன்று புரிந்துகொண்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் எப்படி நிற்க வேண்டுமோ அப்படி நின்றேன். அது உனக்குக் குறையாகப் போய்விட்டது, இல்லையா?

பேனா அழுத்தித் தாள் கிழிகிறது. பொத்தானுக்குக் காஜா எடுக்கிற பெண் எட்டிப்பார்த்து, "யாருக்குக்கா கடுதாசி, போலீஸுக்கா?" என்கிறாள்.

நான் வரவில்லை.

---

டிசம்பர் 20

வெடி,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். இப்போது ஒவ்வொன்றாகத் திருத்துகிறேன்.

பிரஷ் விஷயத்தில் நீ சொல்வது தப்பு. உபயோகிக்காமல் வைத்தால் பிரஷ் விறைத்துப்போகும் என்று உன் அண்ணனே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அவை பெயிண்டில் நனைந்துகொண்டே இருக்க வேண்டும் என்றுதான் கொடுத்தேன். உனக்கு வேண்டுமென்றால் பிடுங்கிக்கொள்ள வேண்டியதுதானே? கொடியை, ஜன்னலோரச் சீட்டை, கடைசி வாய் டீயை எல்லாம் என்னிடமிருந்து பிடுங்கியவள், அன்று மட்டும் எதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய்?

டீத் தட்டு. அதை நான் கீழே வைத்திருந்தால் விழுந்திருப்பேன். என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்தத் தட்டுதான். உனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக் கொடுத்தேன். ஒரு பிள்ளைக்குப் புரிந்த உதாரணம் இன்னொரு பிள்ளைக்குப் புரிய வேண்டியதில்லை என்று தெரிந்தும் நினைத்தேன்.

உன்னை ஏன் அனுப்பினேன் என்பதற்கு வருகிறேன். பேசத் தொடங்கும் முன் உன் அண்ணன் இரண்டு தடவை தொண்டையைக் கனைப்பார். நீயும் அப்படித்தான், அதே இரண்டு தடவை, அதே இடைவெளி. அந்த நாட்களில் அடுத்த அறையில் நீ கனைப்பாய். நான் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவருவேன். வந்து பார்த்தால் நீ. திரும்பிப் போவேன். மறுபடி கனைப்பாய். மறுபடி ஓடிவருவேன். தெரிந்தே ஓடிவந்தேன். இன்னும் ஒரு நாள் அப்படி ஓட என்னால் முடியாது என்று தோன்றியது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. "உனக்கு வேலை இருக்குமே" என்பதுதான் வந்தது.

இதைச் சமாதானமாக எடுத்துக்கொள்ளாதே. எனக்கும் கோபம் இருக்கிறது. இரண்டு பஸ்ஸை விட்டவள், திரும்பி நடந்து வந்திருக்கலாம். பத்து நிமிஷ நடை. கதவைத் தட்டி, "முடியாது, நான் இங்கேதான் இருப்பேன்" என்று கத்தியிருக்கலாம். நான் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்த வீட்டில் வெடி என்று ஒருத்தி இருந்தாள். அவள் அப்படித்தான் செய்திருப்பாள்.

நீ போன பிறகு இந்த வீட்டில் ஒரு கனைப்புச் சத்தமும் இல்லை. இப்போது சொல்கிறேன், ஓடி ஓடிக் கால் தேய்ந்திருந்தாலும் அதுவே மேல்.

வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்தில்லாத தாளை நான் வாங்குவதில்லை.

அண்ணி

---

டிசம்பர் 23

டீச்சர்,

பத்து நிமிஷ நடையா? பெரிய பெட்டியோடு, அந்த மேட்டில்? நீ ஒரு தடவை தூக்கிக்கொண்டு ஏறிப்பார், அப்புறம் பேசு.

உன் கடிதத்தைத் தையல் கூடத்தின் பின்வாசலில் நின்று படித்தேன். பிறகு உள்ளே வந்து யாரிடமோ ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கனைத்தேன். இரண்டு தடவை, அதே இடைவெளி. எல்லாரும் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அங்கேயே, துணிக் குவியல்மேல் உட்கார்ந்து, பத்து மாதத்தையும் அழுது தீர்த்தேன். கட்டிங் மாஸ்டர் யாரையும் கிட்டே வரவிடவில்லை. ஹோட்டல்காரர்கள் இரண்டு நாள் அழுக்குச் சட்டை போட்டால் ஒன்றும் ஆகிவிடாது என்று அவரே லீவு எழுதிக் கொடுத்தார்.

பிரஷ் பற்றி நீ சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. நேரில் பேசிக்கொள்வோம். கடையிலிருந்து ஒன்றாவது நீ கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். உன்னால் முடியாதென்றால் நானே போய்ச் சண்டை போட்டு வாங்குவேன்.

இன்னொரு விஷயம். இந்த வருஷம் நான் அதிகம் சண்டை போட்டது என் மகளோடுதான். அவளுக்கென்று ஒரு குளிர் அங்கி தைக்கத் தொடங்கி, முக்கால்வாசி முடித்துவிட்டேன். போன வாரத்துக் கடிதத்தோடு கணக்கு மாறிவிட்டது. வருஷம் முழுக்க அவளோடு போட்டதை எல்லாம் கூட்டினாலும் உன்னோடு போட்டதற்கு உறை போடக் காணாது. அதனால் அதைப் பிரித்து உன் அளவுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று அவள் குதிக்கிறாள். முதலில் உன் அத்தையைப் போல் சண்டை போடக் கற்றுக்கொள் என்றேன். தோள்பட்டை மட்டும் நீ முன்பு இருந்த கணக்கில் வெட்டியிருக்கிறேன். இளைத்துப்போயிருந்தால் அதற்குத் தனியாக இருக்கிறது உனக்கு.

இருபத்தேழாம் தேதி மதியம் வருகிறேன். அந்தப் பெரிய பெட்டியைத்தான் எடுத்துவருகிறேன். திரும்பிவர டிக்கெட் எடுக்கவில்லை. "எப்ப கிளம்புற?" என்று மட்டும் கேட்டுவிடாதே. கேட்டால் அடுத்த வருஷத்துச் சண்டை அங்கேயே, வாசலிலேயே ஆரம்பித்துவிடும்.

வெடி