ஈ-40 வீதியில் நீ நித்திரை கொள்ளவில்லை

மச்சான்,

இன்று காலை லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் நம் மூலைக்கடைக்காரர் மரக்கறிப் பெட்டிகளை மூடியிருந்த தறப்பாளை இழுத்து உதறினார். இரவு முழுக்க மழை. அந்த ஈரத் தறப்பாள் மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், வாங்கப் போன கறிவேப்பிலையை மறந்து வெளியே வந்துவிட்டேன். உனக்கும் அந்த மணம் ஆகாது. நம் வான் வண்டியில் சாமான் ஏற்றும்போது மழை கொட்டினாலும், "நனைஞ்சாக் காயும், உந்தச் சனியனை எறியடா" என்று கத்துவாய்.

இருக்க ஏலவில்லையடா. உன் செத்தவீடு முடிந்ததிலிருந்து ஓரிடத்தில் குந்தாமல் திரிகிறேன். டீவியைப் போட்டால் ஊரில் நம் சனம் தறப்பாளுக்குக் கீழே கிடக்கிறது. நிற்பாட்டினால் உன் குரல் கேட்கிறது. வானை எடுத்துக்கொண்டு நோர்த் சேர்குலர் வீதியில் சும்மா ஓடிவிட்டு வருகிறேன். பெற்றோல்தான் மிச்சமில்லை.

ஜெர்மனியிலிருந்து லண்டனுக்குக் குடிபெயரும் நம்மாட்களின் வீடுகளை நாமிருவரும் எத்தனை தரம் ஏற்றி இறக்கினோம்! கழற்றிய கட்டில், சாமிப்படம், மூடி இறுகாத மிளகாய்த்தூள் வாளி. கலேயில் கப்பலால் இறங்கினால் பச்சைப் பலகையில் ஈ-40 தொடங்கும். பெல்ஜியம், ஜெர்மனி, போலந்து, உக்ரேன் என்று போய்க் கசகஸ்தான் வரைக்கும் ஒரே இலக்கம். நாம் கொலோனோடு திரும்பிவிடுவோம். திரும்பும் ஒவ்வொரு முறையும் நீ கேட்பாய்: "ஒருக்கா நேரை போவமே?"

நான் விளங்காதவன் மாதிரி வானொலியைக் கூட்டுவேன். ஆனால் எனக்கு நல்லாக விளங்கியது.

பதின்மூன்று வருசத்துக்கு முன் அதே வீதியில், எதிர்ப்பக்கத்திலிருந்து, தறப்பாள் மூடிய லொறியில் வந்தோம். உக்ரேன் எல்லையைக் காட்டுக்குள்ளால் நடந்து கடந்ததில் எனக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. போலந்தில் கிராக்கோவுக்கு இந்தப் பக்கம் ஒரு பெற்றோல் செட்டில், நம்மைக் கடத்தி வந்த ஏஜென்சிக்காரன் என்னை இறக்கிவிட்டான். "செத்துக்கித்துப் போனா எனக்குத்தான் வில்லங்கம்" என்றான். நீ எனக்குப் பின்னால் குதித்தாய். உன்னை ஒருத்தரும் இறங்கச் சொல்லவில்லை. விடியும் மட்டும் நின்ற லொறிகளை ஒவ்வொன்றாகத் தட்டினாய். கடைசியில் ஒரு சாரதி ஒற்றை விரலைக் காட்டினான்: ஒரு ஆள்தான். நீ என்னைத் தூக்கி உள்ளே போட்டாய்.

நான் ஜெர்மனியில் கண் விழித்து, அங்கிருந்து லண்டனுக்கு வந்துவிட்டேன். உன்னை அந்தச் செட்டிலேயே பொலிஸ் பிடித்து உக்ரேனுக்குத் திருப்பியது. நீ மறுபடி ஜெர்மனிக்கு வந்து, விசா கிடைத்து, மனிசியைக் கூப்பிட ஆறு வருசம். அவள் வந்து சேர்ந்தபோது பிள்ளைக்கு நேரம் கடந்துவிட்டது.

உன் அகதிக் கேஸில், "நித்திரை கொண்டிட்டன், மற்றவை விட்டிட்டுப் போட்டினம்" என்று சொன்னாய். உண்மையைச் சொல்லியிருந்தால் ஆளை ஏற்றி அனுப்பிய ஏஜென்சிக்காரன் என்று உன்னை உள்ளே போட்டிருப்பார்கள், என்னையும் போலந்துக்குத் திருப்பியிருப்பார்கள். கேஸில் சொன்னதைத்தான் வீட்டிலும் சொல்லவேண்டும். நம்மெல்லோருக்கும் அதுதானே வழக்கம். அதனால் உன் மனிசிக்கும் அதே நித்திரைக் கதைதான். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அவள் சொல்லுவாள்: "இவர் ஆறு வருசத்தை நித்திரையிலை துலைச்ச மனிசன்!" நீ சிரிப்பாய். அவள் அவித்த புட்டைத் தின்றுகொண்டு, மானங்கெட்ட நானும் சிரிப்பேன்.

இரண்டு பேருக்கும் பாஸ்போட் கிடைத்து, நீங்களும் லண்டனுக்குக் குடிவந்த பிறகும் நீ வாய் திறக்கவில்லை. கொலோனில் ஒருநாள்தான் வெளியாகச் சொன்னாய்: "அவளையும் கூட்டிக்கொண்டு அந்தச் செட்டுக்குப் போவம். நான் சொன்னா உன்னைக் குற்றம் சொன்ன மாதிரி இருக்கும். அங்கை வைச்சு நீ சொல்லு." நான், "அடுத்த முறை கட்டாயம்" என்றேன். அதற்குப் பிறகு பத்துப் பயணமாவது போயிருப்போம். அவள் முகத்தைப் பார்க்கப் பயம், மச்சான். வேறொன்றுமில்லை. பிறகு உன் நெஞ்சு நின்றுவிட்டது.

நீ போன எட்டாம் நாள், உன் எட்டுச் செலவன்று வீடு நிறையச் சனம். அழுதழுது களைத்தவள் திடீரென்று அதே பகிடியைச் சொன்னாள். "இப்பவும் நித்திரைதான்" என்றாள். எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். நான் செருப்பையும் மாறிப் போட்டுக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். அதன் பிறகு இந்த நிலைகொள்ளாமை இன்னும் கூடிவிட்டது.

மூன்று கிழமைக்கு முன் வால்தம்ஸ்டோவில் உன் வீட்டுக்குப் போனேன். "தங்கச்சி, தேத்தண்ணி வேண்டாம், முதல் இருங்கோ" என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அப்ப அவர் நித்திரை கொள்ளேல்லை?"

"இல்லை."

"நான் எத்தினை பேருக்கு முன்னாலை அந்த மனிசனை..." என்று தொடங்கி நிறுத்தினாள். பிறகு என்னை நேரே பார்த்தாள். "நீங்களும் இருந்து சிரிச்சனீங்கள், அண்ணா."

"ஓம்" என்றேன்.

அவள் ஏசியிருந்தால் ஆறியிருப்பேன். ஏசவில்லை. எழும்பிக் கதவைத் திறந்துவிட்டுச் சொன்னாள்: "எட்டுக்கு வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் போங்கோ. நீங்களே சொல்லுங்கோ. போன் வேண்டாம், முகத்துக்கு நேரை நிண்டு சொல்லுங்கோ. அதுவரைக்கும் இஞ்சை வராதேங்கோ."

ஷிப்ட் முடிந்ததும் அதுதான் என் வேலை. சிலர் நம்பவில்லை. சிலர், "போன மனிசன், இனி ஏன் தம்பி உதுகளைக் கிண்டுறீர்?" என்றார்கள். ஒரு வீட்டில் பாதியிலேயே கதவைச் சாத்தினார்கள். நான் தபால்பெட்டி ஓட்டைக்குள்ளால் மிச்சத்தையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். நீ இருந்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பாய்.

இன்னும் ஏழு வீடு இருக்கிறது. இப்போது ஹவுன்ஸ்லோவில் உன் மைத்துனர் வீட்டு வாசலில் வானை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். கலியாண வீடுகளில் அந்தப் பகிடியை உரக்கச் சொல்லிச் சிரிக்கவைத்தவர் அவர்தான். அறைந்தாலும் அறைவார், அறையட்டும். இறங்கிப் போய்ப் பெல்லை அடித்து இதைத்தான் சொல்லப்போகிறேன்: "அவன் நித்திரை கொள்ளேல்லை, அண்ணை. என்னைக் காப்பாத்தப் போய்ப் பிடிபட்டவன். பதின்மூண்டு வருசமா வாயை மூடிக்கொண்டு இருந்தது நான்."